புகைப் பரிசோதனையில் தேறாத கார்: மாற்றியமைக்கப்பட்ட எஞ்சின் பற்றிய ஒரு விளக்கம்

இலங்கையில் 2008ஆம் ஆண்டு முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் இருந்து வருகின்றது. பெற்றோல், டீசல் வாகனங்களை வைத்திருப்போர், இப்பரிசோதனையில் தேறிய சான்றிதழைக் காட்டியே ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கார் இதிற் தேறுவது அரிதன்று. ஆனால், வேகத்தையும் வலுவையும் கூட்டும் பொருட்டு எஞ்சின் மாற்றியமைக்கப்பட்ட கார் ஒன்று மீண்டும் மீண்டும் தேறாமற் போகும்பொழுது நிகழ்வது யாது? முதலிற் பிளக்குகள் மாற்றப்படுகின்றன. பின்னர் காற்று வடிகட்டி. அதன்பின் ஒட்சிசன் உணரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணம் செலவாகின்றது, பெறுபேறோ மாறுவதில்லை. ஈற்றில், பரிசோதனை நாளுக்கு மாத்திரம் கலவையைத் திருத்திப் பின் பழையபடி விட்டுவிடலாம் என்ற ஆலோசனை எங்கிருந்தோ வந்து சேர்கின்றது.

பரிசோதனைத் தாளிலுள்ள எண்களைத் தண்டனைத் தீர்ப்பாகக் கொள்வதே இத்தடுமாற்றத்தின் மூலகாரணம் என நாம் கருதுகின்றோம். அவை எஞ்சினுள் நடப்பனவற்றுக்கான சாட்சியம். அச்சாட்சியத்தை வாசிக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பரிசோதனை தோன்றிய சூழல்

இப்பரிசோதனை அதிகாரிகளின் மனம்போக்கிற் பிறந்ததன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டத்தை 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிற் என்ற இரசாயனவியலாளர், ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குவதை எடுத்துக்காட்டினார். அவ்விரண்டையும் பெருமளவில் வெளிவிடுவது மோட்டார் கார் என்பது தெளிவாயிற்று. 1966 மாதிரிக் கார்கள் முதல் கலிபோர்ணியா புகைக்கு வரையறை விதித்தது. 1975 மாதிரிக் கார்கள் முதல் ஐக்கிய அமெரிக்காவில் ஊக்கிமாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. ஈயம் ஊக்கியை நஞ்சூட்டுமாதலின் ஈயமற்ற பெற்றோல் தேவையாயிற்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.

2. வாயுக்கள் கூறும் செய்தி

ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இவ்விகிதத்தினின்று எஞ்சின் விலகும் விதத்தை வெளியேறும் வாயுக்கள் காட்டிக்கொடுக்கின்றன.

காபனோரொட்சைட்டு மிகுந்தால், காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் உட்செல்கின்றது என்பது பொருள். எரிபொருள் அமுக்கம் கூடியிருத்தல், உட்செலுத்தி கசிதல், வெப்பமான எஞ்சினைக் குளிர்ந்திருப்பதாக வெப்பநிலை உணரி அறிவித்தல் என்பன இதற்குக் காரணமாகலாம்.

காபனோரொட்சைட்டு குறைவாயிருக்க, ஐதரோகாபனும் ஒட்சிசனும் ஒருங்கே மிகுந்தால், செய்தி வேறு. பெற்றோலும் இருக்கின்றது, காற்றும் இருக்கின்றது. ஆயின் அவை எரியவில்லை. தீப்பொறி தவறுதல், கலவை எரிபற்ற இயலாத அளவுக்கு மெலிதல், வால்வு சரியாக மூடாமை என்பவற்றை இங்கு ஐயுறல் வேண்டும். காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் மாத்திரம் நோக்கின் இவ்வேறுபாடு முழுமையாகப் புலப்படாது. ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து அளத்தல் நன்று.

நைதரசன் ஒட்சைட்டுகளோ தகனவெப்பம் மிகும்பொழுது பெருகுவன. அமுக்க விகிதத்தைக் கூட்டுதலும் தீப்பொறி நேரத்தை முற்படுத்தலும் இவற்றை மிகுவிக்கும். சுமையின்றி நிற்கும் காரில் இவை பெரிதும் வெளிப்படுவதில்லை. ஆகவே நின்றநிலைப் பரிசோதனையிற் தேறிய காரெல்லாம் தூய கார் எனக் கொள்வதற்கில்லை.

3. மாற்றங்கள் விளைவிக்கும் மாற்றங்கள்

தொழிற்சாலையில் உருவான எஞ்சின், உறுப்புகளின் வெறுங்கூட்டம் அன்று. உட்செலுத்தியின் அளவு, கேம் தண்டின் வடிவம், வெளியேற்றக் குழாயின் நீளம், கணினியிற் பதிந்த அட்டவணை ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று எதிர்நோக்கி அமைந்தவை. ஒன்றை மாற்றி ஏனையவற்றை அவ்வாறே விட்டால், கணினி இல்லாத ஓர் எஞ்சினுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும்.

பந்தயத்துக்கென வடிவமைத்த கேம் தண்டை எடுத்துக்கொள்வோம். அது உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகின்றது. உயர்வேகத்தில் இது வலுவைத் தரும். நின்று ஓடும்பொழுதோ எரிந்த வாயு புதிய கலவையுட் புகுந்து அதனை நலிவிக்கின்றது. சில சுற்றுகளில் எரிபற்றலே நிகழ்வதில்லை. இங்கு எந்தப் பிளக்கை மாற்றினும் பயனில்லை. பெரிய உட்செலுத்தியும் இத்தகையதே. நின்றநிலையில் அது மிகமிகக் குறுகிய நேரமே திறத்தல் வேண்டும். அக்குறுகிய நேரத்தில் அது வெளிவிடும் அளவு ஒரே சீராக அமைவதில்லை.

4. பொய்ச்சாட்சி கூறும் உணரி

மாற்றியமைத்த கார்களில் மிகவும் மயக்கந் தருவது ஒட்சிசன் உணரியைச் சார்ந்த பிழையாகும். இவ்வுணரி பெற்றோலை அளப்பதில்லை. வெளியேற்றக் குழாயில் எஞ்சிய ஒட்சிசனையே உணர்கின்றது. புதிய குழாய்த்தொகுதியைப் பொருத்தியபொழுது, உணரிக்கு முன்னுள்ள இணைப்பில் மயிரிழை இடைவெளி விடப்பட்டதெனக் கொள்வோம். வாயுத் துடிப்புகளுக்கிடையே அவ்வழியே வெளிக்காற்று உள்ளிழுக்கப்படும். உணரி ஒட்சிசனைக் காண்கின்றது. கலவை மெலிந்துவிட்டதென அறிவிக்கின்றது. கணினி பெற்றோலைக் கூட்டுகின்றது. எஞ்சின் உண்மையில் மிகைபெற்றோலில் மூழ்குகின்றது. பரிசோதனைத் தாளில் காபனோரொட்சைட்டு உயர்கின்றது. உரிமையாளர் உணரியை மாற்றுகின்றார். புதிய உணரியும் அதே காற்றைக் கண்டு அதே செய்தியையே கூறும்.

எரிபற்றல் தவறினும் இதுவே நிகழும். எரியாத ஒட்சிசன் உணரியை ஏமாற்றிவிடும். மற்றொரு புறம், உணரி எஞ்சினினின்று தொலைவிற் பொருத்தப்படின், நின்றநிலையில் அது குளிர்ந்து செயலற்றுப் போகலாம். அப்பொழுது கணினி உணரியைக் கைவிட்டு, பழைய எஞ்சினுக்கு எழுதிய அட்டவணையின்படியே பெற்றோலை அளிக்கும்.

5. ஆய்வின் ஒழுங்கு

ஆகவே, உறுப்பை வாங்குமுன் ஒழுங்கான விசாரணை வேண்டும். எஞ்சின் முழுமையாகச் சூடேறியபின் அளத்தல் முதற்படி. குளிர்ந்த காரின் எண்கள் எதையும் நிறுவா. அடுத்து, உள்ளிழுப்புப் பக்கத்திலும் வெளியேற்றப் பக்கத்திலும் கசிவைத் தேடல் வேண்டும். மூன்றாவதாக, தீப்பொறி, உருளைகளின் அமுக்கம், எரிபொருள் அமுக்கம் என்பவற்றைச் சோதித்தல். நான்காவதாக, கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ திருத்துகின்றது என்பதை வாசித்தல். அத்திருத்தம் ஒருபுறமாக மிக உயர்ந்திருப்பின் கணினி எதையோ ஈடுசெய்யப் போராடுகின்றது என அறியலாம். எஞ்சின் எண்ணெயில் பெற்றோல் கலந்திருப்பின் அதன் ஆவியும் உள்ளிழுக்கப்படுமாதலின், எண்ணெயையும் நோக்குதல் தகும்.

கன்வேட்டர் எனக் கராஜ்களிற் பேசப்படும் ஊக்கிமாற்றியை இறுதியிலேயே நோக்கல் வேண்டும். பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய உலோகங்களாலான இது மூவகை நச்சுவாயுக்களையும் ஒருங்கே மாற்றவல்லது. ஆயின் கலவை சரியான விகிதத்தை அண்டியிருக்கும்பொழுதே அவ்வாறு செய்யும். எரிபற்றல் தவறும் எஞ்சினிற் புதிய மாற்றியைப் பூட்டினால், எரியாத பெற்றோல் அதனுள்ளே எரிந்து அதனை உருக்கிவிடக்கூடும். நோயை ஆற்றாது மருந்தைப் பாழாக்கும் செயல் இது. வலுக்கூடும் என்ற நம்பிக்கையிலோ, உலோகத்தின் விலைக்காகவோ மாற்றி முன்னரே கழற்றப்பட்டிருப்பின், ஏனைய திருத்தங்கள் அனைத்தும் அரைகுறையாகவே நிற்கும்.

இவ்வொழுங்கிலும் ஒரு விதி தலையாயது: ஒரு தடவையில் ஒன்றையே மாற்றி, முன்னும் பின்னும் அளந்து எழுதிவைத்தல். காரணம் புலப்படாவிடின், சேர்த்த மாற்றங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பழைய நிலைக்கு மீளல் வேண்டும். எந்தப் படியில் எண் சரிகின்றதோ அங்கேயே பிழை உளது.

6. சமூகப் பொருள்

இனி, பரிசோதனை நாளுக்கு மாத்திரம் திருத்தும் ஆலோசனையை நோக்குவோம். அதனைச் சிறு கராஜ்களுக்கே உரிய குறையெனக் கூறல் நியாயமன்று. 2015 செப்ரெம்பரில், வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களிற் பரிசோதனையை இனங்கண்டு அப்பொழுது மாத்திரம் புகையைக் குறைக்கும் கணினி நிரல் பொருத்தப்பட்டிருந்ததை ஐக்கிய அமெரிக்க அதிகாரிகள் வெளிப்படுத்தினர். வீதியில் அவற்றின் நைதரசன் ஒட்சைட்டு வரையறையின் 40 மடங்கு வரை உயர்ந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்நிரல் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. கராஜில் ஒரு திருகாணியால் நிகழ்வது, அங்கு பெருமூலதனத்தின் துணையோடு நிகழ்ந்தது.

இரண்டிலும் விலை செலுத்துபவர் காரில் இருப்பவர் அல்லர். கொழும்பின் சந்திகளிற் பேருந்துக்குக் காத்துநிற்பவரும், வீதியோர வியாபாரியும், முச்சக்கரவண்டிச் சாரதியும், பாடசாலைப் பிள்ளையும் அக்காற்றையே சுவாசிக்கின்றனர். காரை வாங்கும் வசதியற்றோர் அதன் கழிவில் முழுப்பங்கு பெறுகின்றனர்.

எஞ்சினை மாற்றியமைத்தலை நாம் பழிக்கவில்லை. அதில் ஆர்வமும் கைத்திறனும் உண்டு. கலிபோர்ணியாவில், புகையைக் கூட்டாதென நிறுவப்பட்ட துணையுறுப்புகளுக்கு அனுமதி இலக்கம் வழங்கும் முறை நெடுங்காலமாக உள்ளது; வலுவும் தூய்மையும் கூடிவாழலாம் என்பதற்கு அது சான்று. நம் நாட்டிலும், பரிசோதனை நிலையம் தேறினார், தேறவில்லை என்பதோடு நில்லாது, நான்கு வாயுக்களின் அளவையும் அவை சுட்டும் காரணங்களையும் உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் விளங்கும் மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். தொழினுட்பக் கல்லூரிகள் அவ்வாசிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்தல் வேண்டும். அப்பொழுது, தேறாத கார் ஒன்றுடன் வருபவரிடம் மெக்கானிக் முதலிற் கேட்பது புதிய உறுப்புக்கான பணத்தையன்று, அவர் கையிலுள்ள பரிசோதனைத் தாளையே.