தியேட்டர் தாதியர் ஏன் விலக நினைக்கிறார்கள்?

"தியேட்டர் நேர்ஸ் என்றால் டொக்டருக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுப்பதுதானே?" கல்யாண வீடொன்றில் உறவினர் ஒருவர் இப்படிக் கேட்டபோது எனது ராத்தா சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பதினாறு வருடங்களாக அரச வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்பவர் அவர். இப்போது வெளிநாடு செல்ல விண்ணப்பித்திருக்கிறார்.

சம்பளம்தான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு காரணம்தான். 2022 நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாடு செல்ல அரசாங்கமே வழிவிட்டது. ராத்தாவோடு வேலை செய்த பலர் போய்விட்டார்கள். "அவங்கட வேலையும் எங்கட தலையிலதான் தம்பி" என்றார்.

அந்த வேலை என்னவென்று அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். வயிற்றைத் திறக்கும் ஒப்பரேஷனுக்கு முன்னர் பஞ்சுத்துணி, ஊசி, கருவி அனைத்தையும் இரண்டு பேர் சத்தமாக எண்ண வேண்டும். வயிற்றை மூட முன்னர் மீண்டும், தோலைத் தைக்கும்போது மீண்டும். ஒன்று குறைந்தால் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. ஆள் குறைந்த நாட்களில் வெளியே நின்று உதவும் தாதி ஒருவரே இரண்டு மேசைகளைப் பார்க்கிறார். கணக்குப் பிழைத்துவிடுமோ என்ற பயம் வீட்டுக்கும் கூடவே வருகிறதாம். எலும்பு ஒப்பரேஷன் என்றால் பாரமான ஈய அங்கியோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும், ஒரு மிடறு தண்ணீர் குடிக்க முடியாது. ஆத்திரத்தில் கருவியைத் தட்டில் எறிந்த நிபுணரையும் சகித்திருக்கிறார். மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கோ இவரது முகமே தெரியாது.

வார்ட்டில் இருந்து ஒருவரை அனுப்பி வெற்றிடத்தை நிரப்பியதாகக் கடதாசியில் காட்டலாம். ஆனால் எந்த ஒப்பரேஷனுக்கு எந்தத் தட்டு, எந்த வைத்தியருக்கு எந்த நூல் என்று கை பழக மாதக்கணக்காகும். அதுவரை பட்டியலில் இருக்கும் நோயாளிகள்தான் காத்திருக்கிறார்கள்.

நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் பெண்களை தியேட்டருக்குள் அனுப்பும்போது "லேடீஸ் இருக்கிறாங்களா?" என்று கேட்கிறோம். மகள் தாதியாகப் போகிறேன் என்றால், "நைட் டியூட்டி, மாப்பிள்ளை கிடைக்காது" என்கிறோம்.

என்ன செய்தால் நிற்பீர்கள் என்று ராத்தாவிடம் கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ராவு முழுக்க சீசருக்கு நின்றா, அடுத்த நாள் காலையில வீட்ட விடட்டும். மத்ததைப் பிறகு பேசலாம்" என்றார்.