வானத்தில் பொய் அபாய மணி

ஊர்க் காவற்காரன் நள்ளிரவில் மணியடிக்கிறான். ஜனங்கள் பதறியெழுந்து ஓடி வந்து பார்த்தால், நடமாடியவன் திருடனல்ல, ஊர்ப் பெரியதனக்காரனே. வானத்திலும் இவ்வாறு நடந்ததுண்டு.

தூரத்து நக்ஷத்திர மண்டலங்களில் திடீரெனத் தோன்றி மறைபவை காமாக் கதிர் வெடிப்புகள். 1980-ல் அமெரிக்கா அனுப்பிய ‘ஸோலார் மாக்ஸிமம் மிஷன்’, 1987-ல் ஜப்பான் அனுப்பிய ‘கிங்கா’ ஆகிய செயற்கைக் கோள்களில் அவற்றைப் பதிவு செய்யும் கருவிகள் இருந்தன. அக்கருவிகள் பன்முறை பொய்யாக எச்சரித்தன. காரணம் நக்ஷத்திரமன்று, கடலில் கப்பல்களை வேவு பார்க்க சோவியத் ருஷ்யா வானில் சுற்றவிட்டிருந்த அணு உலைகளே. அவை வீசிய காமாக் கதிர்கள் நேரே தாக்கின. அவற்றிலிருந்து வெளிப்பட்ட பாஸிட்ரான் துகள்களோ பூமியின் காந்த மண்டலத்தில் அகப்பட்டு, கோள்களின் மீது மோதிக் காமாக் கதிர்களாயின.

இதை அறிந்த அமெரிக்க அதிகாரிகள் பல்லாண்டு ரகஸ்யமாக வைத்தனர். 1989 ஏப்ரலில்தான் ‘ஸயன்ஸ்’ சஞ்சிகையில் விவரங்கள் பிரசுரமாயின. ஒரு வல்லரசு வானத்தை மாசுபடுத்திற்று; அதன் பரம வைரியோ வாய்மூடி மௌனம் சாதித்தது. ஜன்மப் பகைவர் இருவரும் ஒத்துழைத்தது, உலகத்தார் உண்மையை அறியாதிருக்கச் செய்வதில்தான்!

அணுசக்திக் கலங்களை ஏவுமுன் பாதுகாப்பு மதிப்பீட்டைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று 1992-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை கோட்பாடு வகுத்தது. ஆனால் அது கட்டுப்படுத்தும் சட்டமன்று; மீறினோரைக் கூண்டிலேற்ற அதனால் இயலாது. ஆகாயம் எவருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. சிபாரிசு போதாது, சட்டம் வேண்டும்.