கடைசி அலசலில் ஒட்டும் சுண்ணாம்பு

டிஷ்வாஷரிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரில் வெள்ளை படிந்திருக்கிறதா? எலுமிச்சைத் தோலால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். மறைந்துவிட்டால் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. உடனே டிடர்ஜென்ட்டை மாற்றத் தோன்றும். ஆனால் அந்தச் சுண்ணாம்பில் பெரும்பகுதி, டிடர்ஜென்ட் வெளியேறிய பிறகு வந்து ஒட்டியது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது கரைத்தெடுத்து வருகிறது. இவை மிகுந்ததே கடின நீர். வாயில் கரிக்கும் நீரெல்லாம் கடின நீராக இருக்க வேண்டியதில்லை. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணும் கடினத்தன்மை அல்ல, கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் கூட்டுத்தொகை. கடினத்தன்மையைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

உங்கள் போர் தண்ணீர் 400 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இயந்திரம் சுமார் 10 லிட்டர் நீர் எடுக்கும். சுண்ணாம்புக் கணக்கில் 4 கிராம் உள்ளே போகிறது. சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புக்கு நேர்மாறான குணம். சூடேறியதும், கரைந்திருந்த பைகார்பனேட் உடைந்து வாயு வெளியேற, கரையாத கார்பனேட் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

டிடர்ஜென்ட்டுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அதில் சோடா வேண்டும். அதே சோடாதான் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பை உண்டாக்கும். ஆகவே கால்சியத்தை முந்திக்கொண்டு பிடிக்க ஒரு கவ்வி தேவை. பல பத்தாண்டுகள் அந்த வேலையைப் பாஸ்பேட் செய்தது. கழிவுநீரோடு ஏரிகளுக்குப் போய்ப் பாசியைப் பெருக்கியதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் அதற்குக் கடும் வரம்பு வைத்தது. இன்று அந்த இடத்தில் சிட்ரேட்டும், சுருக்கமாக எம்ஜிடிஏ எனப்படும் சேர்மமும் இருக்கின்றன. எம்ஜிடிஏ மூலக்கூறு, நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல, ஒரு கால்சியம் அயனியை நான்கு முனைகளால் கவ்விக்கொள்கிறது. பிறகு ஆற்று நுண்ணுயிர்கள் அதை எளிதாகச் சிதைத்துவிடும்.

ஆனால் ஒரு கவ்விக்கு ஒரு கால்சியம்தான். பிரதானக் கழுவலுக்கான 4 லிட்டர் நீரைச் சமாளிக்கவே சுமார் 5 கிராம் சிட்ரேட் வேண்டும். ஒரு டிடர்ஜென்ட் மாத்திரையின் மொத்த எடையே ஏறத்தாழ 20 கிராம். நொதிகளும் வெளுப்பானும் அதற்குள்தான் இடம்பிடிக்க வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது: பாலிகார்பாக்சிலேட் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. இது கால்சியத்தை எண்ணி எண்ணிப் பிடிப்பதில்லை. அப்போதுதான் பிறந்த சுண்ணாம்புப் படிகத்தின் வளரும் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டு, மேலே வளரவிடாமல் தடுத்துவிடுகிறது. அதனால் லிட்டருக்குச் சில மில்லிகிராமே பெரிய வேலை செய்யும்.

இத்தனை திறமையும் பிரதானக் கழுவலோடு பெரும்பாலும் வடிகாலுக்குப் போய்விடுகிறது. கடைசி அலசலுக்கு வருவது புதுத் தண்ணீர், அதுவும் சூடாக. அது பாத்திரத்திலேயே உலர்கிறது. இந்தக் கட்டத்துக்கு இரண்டே காவல். ஒன்று, நீரைத் துளிகளாகத் தங்கவிடாமல் மெல்லிய படலமாக வழியச் செய்யும் ரின்ஸ் எய்ட். மற்றொன்று, பல இயந்திரங்களின் அடியில் இருக்கும் மென்னீராக்கியின் பிசின் மணிகள். உள்ளே வரும் நீரிலிருந்து ஒரு கால்சியத்தை வாங்கிக்கொண்டு இரண்டு சோடியத்தைக் கொடுக்கும் பண்டமாற்று அங்கே நடக்கிறது. சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல் மணிகளைக் கழுவிப் புதுப்பிக்கும். கழுவும் தொட்டிக்கு வருமுன்னரே நீர் இந்த மணிகளைக் கடந்துவிடுவதால், மாத்திரையில் உப்பு இருந்தாலும் அது அவற்றைப் புதுப்பிக்காது. தனி அறையில் டிஷ்வாஷர் உப்பைக் கொட்டத்தான் வேண்டும்.

ஆக, முதலில் கடினத்தன்மையை அளந்து அந்த எண்ணை இயந்திரத்தில் பதியுங்கள். உப்பும் ரின்ஸ் எய்டும் நிரப்புங்கள். டிடர்ஜென்ட் அதன் பிறகு. உறையில் சிட்ரேட், எம்ஜிடிஏ, பாலிகார்பாக்சிலேட் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடின நீருக்கு நான் பொடியையே தேர்ந்தெடுப்பேன்; மாத்திரையின் அளவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும், பொடியைத் தண்ணீருக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஆனால் மென்னீராக்கியை உச்சத்தில் வைத்துவிடாதீர்கள். கால்சியம் அடியோடு நீங்கிய சூடான கார நீர் கண்ணாடியையே கரைத்து அரிக்கத் தொடங்கும். அப்படி வரும் மங்கல் எலுமிச்சைக்கும் போகாது, வேறு எதற்கும் போகாது.