குளிர்காலப் பசியும் கொழுப்புணவும்

குளிர் மிகுந்தால் பசியும் மிகும் என்பது குளிர்நாட்டு மக்கள் யாவரும் அறிந்த செய்தி. ஆனால், சோறு, பாண், கிழங்கு, சீனி முதலிய மாச்சத்துப் பொருள்களை மிகக் குறைத்து, மீன், இறைச்சி, முட்டை, வெண்ணெய் என்பவற்றையே பெரும்பாலும் உண்டு வாழும் ஒருவரைக் குளிர் தாக்கும்போது அவருடைய பசி எவ்வாறு மாறுகின்றது? அது வெறுமனே கூடுகின்றதா? அன்றிக் குறித்த ஓர் உணவை நாடுகின்றதா? இவ்வினாவுக்கு விடை முதலிற் கிடைத்தது ஆய்வுகூடத்தில் அன்று, பனிவெளியிலேயே கிடைத்தது. அவ்விடையை அறியாமையால், வயிறு நிறைய உண்டும் நாளுக்கு நாள் நலிந்தவர் பலர்.

முதலிற் பசியின் அளவை நோக்குவோம். மனித உடல் தன் உள்வெப்பத்தை ஏறக்குறைய 37 பாகை செல்சியசில் நிலைநிறுத்த வேண்டியுள்ளது. வெளியே குளிர் கூடுந்தோறும் உடல் இழக்கும் வெப்பமும் கூடுகின்றது. அவ்விழப்பை ஈடுசெய்யும் எரிபொருள் உணவேயாகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெவ்வேறு தட்பவெப்ப நிலைகளில் வாழ்ந்த படைவீரர் தாமே விரும்பி உண்ட உணவின் அளவை ஜோன்சன், கார்க் என்னும் இருவர் ஒப்பிட்டு, 1947ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெப்பமான பாலைநிலத்தில் இருந்தவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,100 கலோரியும், கடுங்குளிர் நிலவும் ஆட்டிக் பகுதியில் இருந்தவர் ஏறத்தாழ 4,900 கலோரியும் உண்டனர். இவ்வேறுபாடு முழுவதும் குளிரால் நேர்ந்தது என்று கொள்ளலாகாது. தடித்த உடையையும் கனத்த பாதணியையும் சுமந்து, பனியில் அடியெடுத்து வைத்து நடப்பதே பெரியதோர் உழைப்பு. அதற்கும் உணவு வேண்டும்.

உடல் குளிர்ந்த பின்னரும் பசி எழுவதுண்டு. 2005ஆம் ஆண்டில் புளோரிடாவில் நிகழ்ந்த ஆய்வொன்றில், சிலர் நீரில் மூழ்கியவாறே 45 நிமிடம் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். 33 பாகை நீரிற் பயின்ற நாளிலும் 20 பாகை நீரிற் பயின்ற நாளிலும் அவர் செலவிட்ட ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. எனினும், குளிர்நீரிற் பயின்ற நாளில் அவர் பின்னர் உண்ட உணவு நாற்பது சதவீதத்துக்கும் மேலாக மிகுந்திருந்தது. செலவிட்டதை மட்டும் பசி கணக்கிடுவதில்லை என்பது இதனாற் புலனாகும்.

இனிப் பசி எதனை நாடுகின்றது என்பதை நோக்குவோம். 1911ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி, கப்டன் ஸ்கொட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவேர்ஸ், செரி-கறாட் என்னும் மூவர், பேரரசப் பென்குயின் பறவையின் முட்டைகளைத் தேடி, அந்தாட்டிக்காவின் நடுக்குளிர்காலத்து இருளிற் புறப்பட்டனர். ஐந்து வாரம் நீடித்த அப்பயணத்திற் குளிர் ஒருமுறை பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியசையும் கடந்தது. போகும் வழியில் அவர்கள் உணவாராய்ச்சி ஒன்றையும் நடத்தினர். வில்சனுக்கு வெண்ணெய் மிகுதி. பவேர்சுக்கு, உலர்ந்த இறைச்சித் தூளுங் கொழுப்புஞ் சேர்ந்த பெமிக்கன் மிகுதி. செரி-கறாட்டுக்கு மாச்சத்துள்ள பிஸ்கற்று மிகுதி. சில நாள்களுக்குள் விளைவு தெரிந்தது. பிஸ்கற்று மிகுதியாகப் பெற்றவரை மற்றவரினும் பசி வாட்டியது. அவருடைய நா கொழுப்புக்கு ஏங்கியது. வெண்ணெய் மிகுதியாகப் பெற்றவராலோ தம் பங்கை உண்டு முடிக்க இயலவில்லை. ஈற்றில் இருவரும் தம் பங்கிற் சிறிதை மாற்றிக்கொண்டனர்.

கொழுப்பை உடல் நாடுவதன் காரணம் எளிது. ஒரு கிராம் மாச்சத்தோ புரதமோ தருவது நான்கு கலோரி. ஒரு கிராம் கொழுப்புத் தருவது ஒன்பது கலோரி. ஆயிரம் கலோரி பெற 110 கிராம் கொழுப்புப் போதும். கொழுப்பற்ற காட்டு முயலிறைச்சியாயின் ஏறத்தாழ 900 கிராம் வேண்டும். மாச்சத்துத் தாராளமாகக் கிடைத்தவரையே குளிர் இவ்வாறு கொழுப்பின்பாற் செலுத்திற்று என்றால், மாச்சத்து முற்றாக நீங்கிய இடத்தில் என்ன நிகழும்?

இதற்கு விடையிறுத்தவர், கனடாவிற் பிறந்த வில்யாள்மூர் ஸ்டெஃபான்சன் என்னும் ஆராய்ச்சிப் பயணி. ஆட்டிக் பகுதியின் இனுயிட் மக்களோடு பல குளிர்காலங்களைக் கழித்த அவர், கடல்நாய், மீன், கலைமான் என்பவற்றையே உண்டு வாழப் பழகினார். அம்மக்கள் வேட்டையிற் கொழுத்த விலங்கையே உயர்வாக மதித்ததை அவர் கண்டார். கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் உண்ணும் நிலை நேரின், சில நாள்களில் வயிற்றோட்டமும் தலைவலியுஞ் சோர்வுந் தோன்றும். எவ்வளவு உண்டாலும் பசி ஆறாது. வட அமெரிக்க வேட்டைக்காரர் இந்நோயை 'முயற்பட்டினி' என்றனர். குளிர்கால முயலின் உடலிற் கொழுப்பு மிகச் சொற்பம் ஆதலின் இப்பெயர் வந்தது. முயல் வயிற்றை நிறைக்கும், பட்டினியைப் போக்காது.

இக்கூற்றை ஐயுற்றவர் பலர். ஆதலின், 1928ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரத்துப் பெல்வியூ வைத்தியசாலையில், ஸ்டெஃபான்சனும் அவருடைய தோழர் அண்டேர்சனும் மருத்துவர் கண்காணிப்பில் இறைச்சியுணவை மேற்கொண்டனர். ஓராண்டுக் காலம் அவ்வுணவிலேயே வாழ்ந்தனர். தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியே வழங்கப்பட்டது. மூன்றாம் நாளுக்குள் அவர் நோயுற்றார். கொழுப்புச் சேர்க்கப்பட்டதும் நலமுற்றார். பின்னர் அவ்விருவரும் பெற்ற ஆற்றலில் முக்காற் பங்குக்கும் மேற்பட்டது கொழுப்பிலிருந்தே கிடைத்தது. நியூ யோர்க் நகரம் பனிவெளி அன்று. ஆங்குக் கட்டடங்கள் வெப்பமூட்டப்பட்டவை. ஆயினும் உடல் கொழுப்பையே கேட்டது. எனவே, குளிர் பசியின் அளவைக் கூட்டுகின்றது; மாச்சத்தின்மை பசியின் திசையை மாற்றுகின்றது. இரண்டும் ஒருங்கு நேருமிடத்துப் பசி பெரிதாகி, அது கொழுப்புப் பசியாகவும் அமைகின்றது.

புரதம் ஏன் இவ்விடத்தை நிரப்ப இயலாது? புரதம் எரியும்போது எஞ்சும் நைதரசனை ஈரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே அகற்ற வேண்டும். ஈரலின் இவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. உணவாற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கு மேல் நெடுங்காலம் புரதத்திலிருந்தே பெற முயல்வது அவ்வெல்லையைத் தாண்டுவதாகும்.

மாச்சத்தை நீக்கியதும் உடல் உடனே புதிய உணவுக்கு இசைவதில்லை என்பதும் கருதத்தக்கது. 1878 முதல் 1880 வரை கனடாவின் வடபகுதியில், காணாமற்போன பிராங்கிளின் குழுவின் சுவடுகளைத் தேடிச் சென்ற சுவாட்கா என்னும் அமெரிக்கப் படையதிகாரி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளுடன் ஏறத்தாழ 5,200 கிலோமீற்றர் பயணஞ் செய்தார். அக்குழு பெரும்பாலும் வேட்டையிறைச்சியை உண்டே வாழ்ந்தது. முதலில் தோன்றும் தளர்ச்சி இரண்டு மூன்று வாரங்களில் நீங்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. இதனைக் கருதாது, இரண்டாம் உலகப்போரின்போது கனடாவின் குளிர்காலத்திற் படைவீரர் சிலருக்குத் திடீரெனப் பெமிக்கனும் தேநீரும் மாத்திரம் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் சில நாள்களுக்குள்ளேயே சோர்ந்து செயலற்றனர். உணவு அதே வகையினது. பழகுவதற்கான காலமே கிடைக்கவில்லை.

உடல் வெப்பத்தைப் பிறப்பிக்க மாச்சத்தையே நம்பியிருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த கனடிய ஆய்வு, தசைகளிற் சேமித்த மாச்சத்துக் குறைந்திருந்த போதிலும், குளிரில் நடுங்கும் உடல் கொழுப்பையும் புரதத்தையும் கூடுதலாக எரித்து, அதே அளவு வெப்பத்தைத் தந்ததைக் காட்டிற்று. ஆயின், இனுயிட் மக்களின் வாழ்வை எல்லார்க்கும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. கொழுப்பை எரிக்கும் தொழிலோடு தொடர்புடைய மரபணு மாற்றமொன்று அம்மக்களிடையே பரவலாக உள்ளமை இந்த நூற்றாண்டின் ஆய்வுகளால் தெரியவந்துள்ளது.

இச்செய்திகள் இன்று துருவப் பயணிகளுக்கு மாத்திரம் உரியவை அல்ல. இலங்கையிலிருந்து சென்று ரொறன்ரோ, ஒஸ்லோ முதலிய குளிர் நகரங்களில் வாழும் தமிழருள் நீரிழிவு காரணமாகச் சோற்றையும் பாணையும் குறைத்தவர் உளர். அத்தகையோருக்குக் குளிர்காலத்திற் பசி மிகுமாயின், முதலில் ஆராய வேண்டியது இது: மாச்சத்தோடு கொழுப்பையும் சேர்த்து நீக்கிவிட்டனரா? கொழுப்பற்ற கோழியிறைச்சியும் இலைக்கறியும் மாத்திரம் கொண்ட தட்டு வயிற்றை நிறைத்தாலும் பசியை ஆற்றாது. மீன், முட்டை, கச்சான், எள், தாவர எண்ணெய் என்பவற்றை அளவோடு சேர்ப்பது பயன் தரும். விலங்குக் கொழுப்பை மிகுதியாக உண்போர் இரத்தக் கொழுப்பின் அளவைப் பரிசோதித்துக் கொள்ளல் வேண்டும். வெப்பமூட்டிய வீட்டிலும் வாகனத்திலும் நாளைக் கழிப்பவருக்குப் படைவீரரின் 4,900 கலோரி தேவையில்லை என்பதையும் மறத்தலாகாது. குளிரில் தாகம் மந்தமாகும்; மாச்சத்தைக் குறைத்த தொடக்க நாள்களில் உடலிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறும். இவற்றால் நேரும் களைப்பையும் பசியென மயங்குவோர் உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. இன்சுலின் ஊசியையோ, குருதிச் சர்க்கரையைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளையோ பயன்படுத்துவோர் மாச்சத்தைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி நேரலாம். மாற்றாவிடின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அதன் அடையாளங்களோ நடுக்கமும் கடும் பசியுமாம். பனிபொழியும் மாலையில் வீதியில் நிற்பவர் அந்நடுக்கத்தைக் குளிரென்றும், அப்பசியைக் காலத்தின் இயல்பென்றும் எண்ணி வாளாவிருந்தால் உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலின், உணவை மாற்றுமுன் வைத்தியரைக் கலந்துகொள்வதும், ஐயம் எழும்போது குருதியைச் சோதிப்பதும், சர்க்கரை தாழ்ந்திருப்பின் உணவு நியமத்தை ஒருபுறம் வைத்து உடனே இனிப்பு உண்பதும் கடமையாகும். பசியின் குரல் ஒன்றாகத் தோன்றினும், அது கேட்கும் பொருள் எப்பொழுதும் ஒன்றன்று.