அறுபதுக்குப் பின் இடதுசாரி

கழுவெளி ஏரியின் நீர் கடலோடு கலக்கும் மரக்காணக் கரையில், பங்குனி வெயிலில் பாத்தி மிதித்து உப்பு வாரிக் குவிக்கும் ஆண்களையும் பெண்களையும், ஐப்பசி மழையில் அளங்கள் மூழ்கியதும் கூலியற்றுப் போகும் அவர்களுடைய குடும்பங்களையும் நினைக்கும்போது, மனிதனுடைய அரசியல் அபிப்பிராயம் எதனால் உண்டாகிறது, எதனால் மாறுகிறது என்ற கேள்வி எழாமற் போகாது. யௌவனத்தில் சமதர்மம் பேசியவன் வயோதிகத்தில் சொத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் காவலனாகிவிடுவான் என்று படித்தவர்களிற் பலர் நம்புகிறார்கள். நரை தோன்றுவதைப் போல அதுவும் இயற்கை நியதி என்பது அவர்கள் எண்ணம். அந்த நம்பிக்கைக்குப் பலமான மறுப்பு இந்தக் கடற்கரையிலேயே பிறந்திருக்கிறது.

மரக்காணத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயை ஒட்டி வடக்கே சென்றால் எட்டும் சென்னையின் அயோத்தியாகுப்பத்தில், 1860ஆம் ஆண்டு மீனவர் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர், நடுவயதில் பௌத்தத்தில் ஈடுபட்டவர். வக்கீல் தொழில் செய்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதையும், 1921இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து போராடியதையும் அருகிருந்து கண்ட இவர், ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் அங்கியைத் துறந்து, 1922இல் கயா காங்கிரஸில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு, மறு வருஷம் மே மாதம் முதல் தேதி சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி, 1925இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அவருடைய வயது அறுபத்தைந்து. தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்குப் போனது அதற்கும் பிறகு.

இத்தகைய மாற்றத்தின் காரணத்தை முதன்முதலில் விஸ்தாரமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர், தியோடர் நியூகோம் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். வசதி படைத்த, பழமைப் பற்றுள்ள குடும்பங்களிலிருந்து பென்னிங்டன் என்னும் பெண்கள் கல்லூரிக்கு வந்த மாணவிகளை 1930களின் பிற்பகுதியில் அவர் தொடர்ந்து கவனித்தார். 1936 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்தவர்கள் முதல் வகுப்பில் நூற்றுக்கு 62 பேராக இருக்க, மேல் வகுப்புகளில் அந்த ஆதரவு சுமார் 15ஆகச் சுருங்கியிருந்தது. பாடப் புத்தகத்தைக் காட்டிலும், யாருடைய மதிப்பைப் பெற விரும்பினார்களோ அந்தத் தோழியரும் ஆசிரியர்களுமே அவர்களை மாற்றினார்கள். கால் நூற்றாண்டு சென்ற பின் மீண்டும் விசாரித்தபோது, தம்மோடு ஒத்த கருத்துடைய கணவரையும் நண்பர்களையும் பெற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் கொண்ட அபிப்பிராயத்திலேயே நிலைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட கல்லூரியாக அமைந்தது சிறைச்சாலை. 1930இல் மலபார்க் கரையில் உப்புச் சட்டத்தை மீறிய பி. கிருஷ்ணபிள்ளை காந்தியவாதியாகக் கண்ணூர்ச் சிறைக்குள் போனார். அங்கே அடைபட்டிருந்த வங்கப் புரட்சிக்காரர்களோடு பழகி, வெளியே வந்து காங்கிரஸ் சோஷலிஸ்டாகி, பிறகு கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியையே கட்டினார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளிச் சிறை புகுந்த ராஜாஜியோ, எண்பது வயதில், 1959இல், வலதுசாரிச் சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்தார். ஒரே சட்டத்தை மீறிய இருவர் எதிர்த்திசைகளில் சென்றார்கள் என்றால், போராட்ட அனுபவம் ஒன்றே திசையை நிர்ணயிப்பதில்லை என்பது தெளிவு. அந்த அனுபவத்தை யாரோடு இருந்து, எவருடைய விளக்கத்தோடு ஒருவன் ஏற்றுக்கொள்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்த்தாலொழியக் கணக்கு சரியாக வராது.

இளமையில் பதிந்த கருத்து எளிதில் அழிவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன. ஆயினும் முதுமை மனத்தைப் பூட்டிவிடுகிறது என்பதற்கு அது சாட்சியமாகாது. அமெரிக்காவில் 1972 முதல் 2004 வரை திரட்டிய கருத்துக் கணிப்புகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, அறுபது கடந்தவர்களின் அபிப்பிராயமும் மாறிக்கொண்டேதான் இருந்தது என்றும், அந்த மாற்றம் பெரும்பாலும் சகிப்புத்தன்மையை நோக்கியே சென்றது என்றும் காட்டிற்று.

சிங்காரவேலர் விடுதலையாகி வந்தபோது வயது எழுபது. அதன்பின் பெரியாரோடு சேர்ந்து 1932இல் சமதர்ம நோக்குடைய ஈரோட்டுத் திட்டத்தை வகுத்ததும், ஜீவானந்தம் போன்ற இளைஞர்களுக்கு ஆசானாக விளங்கியதும், குடி அரசு பத்திரிகையில் பாமரருக்கும் புரியும்படி விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியதும் அவருடைய மன உறுதியின் பலன் என்று மட்டும் சொன்னால் பாதியே சொன்னதாகும். அவரைச் சூழ்ந்திருந்த கூட்டம் அந்த உறுதிக்கு அன்றாடம் உணவளித்தது என்பதே நியூகோமின் முடிவிலிருந்து நான் கொள்ளும் அனுமானம். ஆகவே, மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் அரசியலை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர், அவருடைய வயதையும் வாக்கையும் குறித்துக்கொண்டு திரும்பிவிடாமல், உப்பு வாரும் மாதங்களில் அவர் எந்தக் கூட்டத்தோடு வேலை செய்கிறார், மழைக்காலத்தில் பிழைப்புத் தேடி யாரோடு எங்கே போகிறார் என்பதை ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.