ஒரு ராத்திரி அலங்காரம்! காற்றில் ஆடும் உயிர்கள்!! மாமல்லபுரம் கடற்கரை கம்பெனி விழாக்களில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

மாமல்லபுரம்,

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி 10 மணிக்கு மேல்தான் ஒரு கூட்டத்துக்கு வேலை சூடு பிடிக்கும்.

சவுக்குக் கட்டை, இரும்புக் குழாய், சுருட்டிய கம்பளம், சீரியல் பல்பு மூட்டை என்று லாரி லாரியாக வந்து இறங்கும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை உள்ள ஓட்டல் தோட்டங்களில், விடிவதற்குள் வெறும் மணல்மேடு அரண்மனையாக மாறிவிட வேண்டும்.

காலையில் கம்பெனி அதிகாரிகள் வருவார்கள். "பிரமாதம்!" என்பார்கள். போட்டோ எடுத்துக் கொள்வார்கள்.

இதைக் கட்டியது யார், எதை வைத்துக் கட்டினார்கள், காற்று அடித்தால் தாங்குமா என்று கேட்கிற ஆள் குறைவு. ஆனால் கேட்டே ஆக வேண்டும். அலங்காரம் சரிந்தும் எரிந்தும் ஆள் செத்த கதை தமிழ்நாட்டில் ஒன்றல்ல, இரண்டல்ல.

இதன் விவரம் வருமாறு:-

விழா பிரதேசம்

செங்கல்பட்டு மாவட்டம் 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி காஞ்சீபுரத்தில் இருந்து பிரிந்து தனியானது. மறைமலைநகர் தொழிற்சாலைகள், மகிந்திரா சிட்டி, சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் இந்த மாவட்டத்தில்தான் உள்ளன. அவர்களுக்கு ஆண்டு விழா, டீலர்கள் மாநாடு, குடும்ப தினம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே கடல், பல்லவர் கோவில், பெரிய ஓட்டல்கள், சென்னை விமான நிலையம். வேறு எங்கே போவார்கள்?

அரசாங்க விழாக்களும் இங்கேதான். 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை ராணுவத் தளவாடக் கண்காட்சி திருவிடந்தையில் நடந்தது. நாலு நாள் கண்காட்சிக்காக கடற்கரை ஓரம் ஒரு தற்காலிக ஊரையே எழுப்பினார்கள்.

18 வகை காய்கனி வளைவு

இந்தக் கடற்கரையில் மக்கள் இன்னும் பேசுகிற அலங்காரம் 2019 அக்டோபரில் நடந்தது. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஜி ஜின்பிங்கும் 11, 12 தேதிகளில் இங்கே சந்தித்தார்கள். அதற்காக ஐந்து ரதம் அருகே தோட்டக்கலைத் துறையினர் ஒரு பிரமாண்ட வளைவு அமைத்தார்கள். பிளாஸ்டிக் பூ இல்லை, தெர்மாகோல் இல்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்து வந்த 18 வகை காய்கறிகளும் பழங்களும்தான் அலங்காரம். துறை ஊழியர்களும் பயிற்சி பெறுவோரும் சுமார் 200 பேர் சேர்ந்து அதைக் கட்டினார்கள்.

கோடி கோடியாகக் கொட்டி வெளிநாட்டு ஆர்க்கிட் பூவை இறக்கியிருந்தாலும் இத்தனை பேர் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மறுநாள் காலையில் இன்னொரு காட்சி. கோவளம் கடற்கரையில் நடைப்பயிற்சி போன பிரதமர், மணலில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களையும் குப்பையையும் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்கினார். ஊரை எவ்வளவு ஜோடித்தாலும் கடல் தன்னிடம் வந்ததைத் திருப்பிக் கொடுக்கும்!

4 மாதத்தில் செஸ் அரங்கம்

அடுத்த பெரிய வேலை 2022-ல் வந்தது. 44-வது செஸ் ஒலிம்பியாட் ரஷியாவில் நடக்க இருந்தது. உக்ரைன் போரால் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச் மாதம் மாமல்லபுரத்துக்குக் கிடைத்தது. ஜூலை 28-ந்தேதி தொடக்க விழா. கையில் இருந்தது நாலு மாதம், சொச்சம் நாட்கள்.

பூஞ்சேரி ஓட்டலில் ஏற்கனவே இருந்த 22 ஆயிரம் சதுர அடி அரங்கம் போதவில்லை. 52 ஆயிரம் சதுர அடியில் புதிதாக ஓர் அரங்கம் எழுந்தது. 700-க்கும் மேற்பட்ட செஸ் பலகைகள் வரிசை கட்டின. வேட்டி சட்டை போட்டு கும்பிடு போடும் "தம்பி" குதிரை சாலை முழுக்க நின்று வரவேற்றது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டுவிட்டார்கள்.

நாலு மாதம் கொடுத்தால் நம் ஆட்களால் இத்தனையும் முடியும். கம்பெனி விழாவுக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு ராத்திரி. ஆபத்து அங்கேதான் நுழைகிறது.

காற்றுதான் எமன்

ஓட்டல் ஹாலுக்குள் பந்தல் போடுவது வேறு, கடல் மணலில் போடுவது வேறு. மணலில் ஊன்றிய கம்பம் பிடிமானம் இல்லாமல் அசைந்து கொடுக்கும். அதனால் கம்பத்தை ஆழமாகப் புதைத்து, அடியில் மணல் மூட்டை அல்லது தண்ணீர் டிரம் வைத்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும்.

மேடைக்குப் பின்னால் கட்டும் பெரிய பேனர், காற்று வந்தால் படகுப் பாய் மாதிரி உப்பும். பேனர் கிழிந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். கிழியாவிட்டால் சட்டத்தோடு சாயும். அதற்குக் கீழே மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

உப்புக் காற்று இரும்பை அரிக்கும். நேற்று வரை தாங்கிய போல்ட் நாளைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் சீசன் வேறு. 2022 டிசம்பர் 9-ந்தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் கரை கடந்தது இதே மாமல்லபுரம் அருகேதான்.

உயிர் குடித்த அலங்காரங்கள்

2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில், விழாவுக்காகப் போட்டிருந்த அலங்கார வளைவுக் கட்டையில் மோதி ஒரு வாலிபர் பலியானார்.

2018 டிசம்பரில் பேனர்களுக்குச் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை போட்டது. தடை இருந்தும் 2019 செப்டம்பர் 12-ந்தேதி பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயது பெண் என்ஜினீயர் மீது விழுந்தது. பின்னால் வந்த லாரி ஏறியதில் அவர் இறந்தார். அந்தச் சோகம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சீன அதிபரை வரவேற்று பேனர் வைக்க அரசே ஐகோர்ட்டு படியேற வேண்டி வந்தது. விதிகளை மீறக் கூடாது என்று சொல்லித்தான் கோர்ட்டு வழி விட்டது.

2023 ஜூன் 1-ந்தேதி கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை பொருத்திக் கொண்டிருந்தபோது பலத்த காற்று வீசியது. இரும்புச் சட்டம் சரிந்து 3 தொழிலாளர்கள் அங்கேயே மாண்டார்கள். இவர்களும் ராத்திரி வேலைக்காரர்கள் மாதிரி கூலிக்கு ஏறியவர்கள்தான்.

கூரையும் கரண்டும்

2004 ஜனவரி 23-ந்தேதி ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கூரைப் பந்தலில் மின்பொறி பட்டது. கண்மூடித் திறப்பதற்குள் தீ பரவி, மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில், ஜோடித்த தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

தென்னங்கீற்று, துணித் திரை, காகிதத் தோரணம் எல்லாம் அழகுதான். பற்றிக் கொண்டால் பஞ்சு! அதற்குப் பக்கத்திலேயே சூடேறும் விளக்கும், ஒட்டுப் போட்ட ஒயரும், ஈர மணலில் கிடக்கும் கேபிளும் இருந்தால் என்ன ஆகும்? கரண்டு கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று போதும், பல உயிர் தப்பும். அதன் விலை ஒரு மேடைப் பூ அலங்காரத்தின் விலையில் ஒரு துளி.

தெர்மாகோல் கோவில்

மாமல்லபுரத்தில் விழா வைத்தால் மேடையில் கடற்கரைக் கோவில் பொம்மை வைக்காவிட்டால் பலருக்குத் திருப்தி இல்லை. நிஜக் கோவில் 1,300 ஆண்டுகளாக அலைக்கு ஈடு கொடுத்து நிற்கிறது. தெர்மாகோல் கோவிலுக்கு ஆயுள் ஒரு நாள். மறுநாள் உடைந்து, மணலில் உதிர்ந்து, வெள்ளை மணியாகக் கடலுக்குப் போகும்.

அதற்கு இப்போது தடை உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கொடி, கப், உறிஞ்சுகுழல் போன்ற 14 பொருட்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அலங்காரத் தெர்மாகோலும், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பேனரும் கூடாது.

மாற்று இல்லாமல் இல்லை. பனை ஓலை, தென்னங்குருத்து, மூங்கில், துணி, அட்டை எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். பூக் குத்துகிற பச்சை ஸ்பாஞ்சு மக்காது. வாழைத்தண்டு மக்கும், பூவுக்குத் தண்ணீரும் காட்டும். உள்ளூர் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வாடகைக்கு நாலு சிலை எடுத்து வாசலில் வைத்தால் சிற்பிக்கும் வருமானம், குப்பைக்கும் இடமில்லை.

புராதனச் சின்னத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆணி அடித்தோ பெயிண்ட் பூசியோ அதைச் சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே சொல்கிறது.

விளக்கைப் பார்த்து ஏமாறும் குஞ்சுகள்

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரைக்கு முட்டையிட வரும் விருந்தாளிகள் பங்குனி ஆமைகள். சுமார் 45 நாளில் பொரியும் குஞ்சுகள், வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் என்று நம்பி ஓடும். கரையில் விழா விளக்கு எரிந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு சாலைப் பக்கம் வந்து சாகும். அந்த மாதங்களில் கடலைப் பார்த்த விளக்கைத் திருப்பி வைத்தால், அல்லது அணைத்து வைத்தால், கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

விழா வைப்பவர்கள் கவனத்துக்கு

விழா செலவுப் பட்டியலில் பூவுக்கு, விளக்குக்கு, கம்பளத்துக்கு எல்லாம் தனித்தனி வரி இருக்கும். இன்னும் நாலு வரி சேர்க்க வேண்டும்.

கம்பத்தின் பலத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் என்ஜினீயர். உயரத்தில் ஏறுகிறவனுக்கு பெல்ட்டும் ஹெல்மெட்டும். மின்கசிவுக் கருவியும் தீயணைப்பானும். கடைசியாக, விழா முடிந்து இடத்தைக் கூட்டிப் பெருக்கக் கூலி.

"நாளைக்குக் காலையில ரெடியா இருக்கணும்" என்று சொல்கிற அதிகாரி, "காத்து ஜாஸ்தியா இருந்தா ஏறாதீங்கப்பா" என்று ஒரு வார்த்தை கூடவே சொன்னால் போதும். விழா ஒரு மணி நேரம் தள்ளிப் போகலாம். கம்பத்தில் ஏறியவன் பத்திரமாக வீடு போய்ச் சேருவான்.