நலிவுற்ற கையும் நினைவில் நிற்கும் திரைப்படமும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளை நோயாளியும் குடும்பத்தாரும் ஆவலோடு எதிர்நோக்குகின்றனர். முதல் வாரம் உறவினர் வருகையிலும் நலம் விசாரிப்பிலும் கழிந்துவிடுகிறது. அதன்பின் வருவோர் குறைகின்றனர். வீட்டில் உள்ளோர் முந்திரித் தோப்புக்கும் வயலுக்கும் கடைக்கும் புறப்பட்டுச் சென்றபின், நண்பகல் நீண்டுகொண்டே போகிறது. எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர் மனமோ அதில் இல்லை. மடிமேல் கிடக்கும் கையைப் பார்த்து, ‘இனி இந்தக் கை எதற்குப் பயன்படும்?’ என்ற கேள்வி எழுவது அந்த நேரத்தில்தான்.

மருந்துச் சீட்டில் இக்கேள்விக்கு விடை இல்லை. ஆயினும் இது சிறிய கேள்வி அன்று. பக்கவாதம், சிறுநீரக நோய், புற்றுநோய், எலும்பு முறிவு என எதனால் முடங்கியவராயினும், பிறருக்குத் தாம் சுமையாகிவிட்டோம் என்னும் எண்ணம் உடல்நோயைவிடக் கடுமையாக வருத்துவதுண்டு. அவ்வெண்ணத்தைச் சற்றே விலக்கி வைக்கும் எளிய வழி ஒன்றை இவ்விதழில் எடுத்துரைக்க விரும்புகிறோம். ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள எந்த வீட்டிலும் அதற்குத் தேவையானவை உண்டு: மனத்துக்குப் பிடித்த ஒரு திரைப்படம், வீட்டின் ஒரு மூலை, ஒரு தாள், ஒரு பென்சில்.

கோபுலுவின் இடக்கை

நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஓவியர் கோபுலு 1924ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்தவர். ஜெயங்கொண்டம், அணைக்கரை வழியாக நாம் பேருந்தில் செல்லும் அதே கும்பகோணத்தில், ஓவியப் பள்ளியில் பயின்றவர். ஆனந்த விகடனில் அவர் வரைந்த நகைச்சுவைப் படங்களையும் கதைச் சித்திரங்களையும் பார்த்து வளர்ந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு ஓவியம் வரைந்தவரும் கோபுலுவே. அக்கதை 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் திரைப்படமாக வெளிவந்தது. சிவாஜி கணேசனும் பத்மினியும் அந்தப் பாத்திரங்களை ஏற்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, நாகசுரக் கலைஞனையும் நாட்டிய மங்கையையும் வாசகர்கள் கோபுலுவின் கோடுகளில் கண்டிருந்தனர்.

முதுமையில் கோபுலு பக்கவாதத்தால் தாக்குண்டார். வாழ்நாள் முழுவதும் வரைந்த வலக்கை செயலிழந்தது. ஓவியனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன இருக்க முடியும்? அவர் ஓய்ந்துவிடவில்லை. இடக்கையால் வரையப் பழகினார். அந்தக் கையாலும் படங்கள் வரைந்தார். 2015ஆம் ஆண்டு தமது தொண்ணூறாவது வயதில் மறைந்தார்.

இதனை நாம் எடுத்துரைப்பது, எல்லோரும் கோபுலு ஆகலாம் என்று சொல்வதற்காக அன்று. பல ஆண்டுகள் தேர்ந்த கை ஒன்று, முதுமையில் மீண்டும் முதல் கோட்டிலிருந்து தொடங்கத் தயங்கவில்லை. இதுவரை வரைந்தே அறியாத நமக்கு, முதல் கோடு கோணலாக விழுந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

காணும் கண் வேறு

கண்பார்வை குன்றியோர், ‘இது எமக்குப் பொருந்தாது’ என எண்ண வேண்டா. சாந்திநிகேதனில் ஓவிய ஆசிரியராக இருந்த வினோத் பிகாரி முகர்ஜி, பிறவியிலிருந்தே குறைந்த பார்வை உடையவர். ஐம்பதாம் வயதைக் கடந்தபின் எஞ்சிய பார்வையையும் முற்றிலும் இழந்தார். அதன்பின் காகிதத்தை வெட்டி ஒட்டி ஓவியம் அமைத்தார். மெழுகில் உருவங்கள் செய்தார். ஓடுகளைக் கொண்டு ஒரு பெருஞ்சுவரோவியமும் உருவாக்கினார். அவருடைய மாணவர்களுள் ஒருவரான சத்யஜித் ராய், 1972இல் ஆசிரியரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். ‘அகக்கண்’ என்பதே அப்படத்தின் பெயருக்குப் பொருள்.

உதவிக்கு ஆள் தேவைப்படும் நிலையிலும் கலை நடக்கும் என்பதற்குப் பிரான்சு நாட்டு ஓவியர் ஆன்றி மத்தீசு சான்றாவார். 1941இல் புற்றுநோய்க்காக வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டபின், அவரால் முன்போல் நெடுநேரம் நின்று வரைய இயலவில்லை. உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுத்தனர். படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி அவர் கத்தரிக்கோலால் வடிவங்களை வெட்டினார். அவர் காட்டிய இடத்தில் உதவியாளர்கள் அவற்றைச் சுவரில் பொருத்தினர். பராமரிப்பாளர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. உதவியாளர் தாளைப் பிடித்தார். எங்கே ஒட்டுவது என்ற முடிவை எடுத்தவர் நோயுற்றவரே.

திரைப்படம் எதற்கு?

‘எதை வரைவது?’ என்பதே தொடங்குவோர் எல்லோரையும் தடுக்கும் கேள்வி. வெற்றுத்தாள் அச்சமூட்டும். மனத்தில் ஏற்கெனவே பதிந்துள்ள ஒரு காட்சி அந்த அச்சத்தைப் போக்கும். நமக்குப் பிடித்த திரைப்படத்தை நாம் பலமுறை பார்த்திருப்போம். யாருடன் பார்த்தோம், கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்தோமா, மழை பெய்ததா என்பதெல்லாம் அதனுடன் சேர்ந்தே நினைவிலிருக்கும். ஆகவே அங்கிருந்து தொடங்குவது எளிது.

‘தில்லானா மோகனாம்பா’ளையே எடுத்துக்கொள்வோம். நாகசுரக் கலைஞன் காயமுற்று மருத்துவமனையில் இருந்து மீண்டு வருகிறான். சபையின் நடுவே ஆடும் மோகனா, எல்லோர் முன்னிலையிலும் பாட்டாலும் அபிநயத்தாலும் அவனிடம் நலம் கேட்கிறாள். வலியை மறைத்துக்கொண்டு அவன் வாசிக்கிறான். நோயுற்றவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் வாய்விட்டுச் சொல்ல இயலாத பலவும் அந்தக் காட்சியில் அடங்கியுள்ளன. அதனை ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பாருங்கள். மூன்று மணி நேரப் படம் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடக் காட்சி போதும்.

பின்வரும் முறையில் தொடங்கலாம்.

முதலாவது, காட்சியை ஓரிடத்தில் நிறுத்துக. கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ ஒலியை அடக்கிவிட்டு, படத்தை மட்டும் ஒரு நிமிடம் பார்க்க. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது? யார் யாரை நோக்குகிறார்? கைகள் எங்கே இருக்கின்றன?

இரண்டாவது, திரையை அணைத்துவிட்டு நினைவிலிருந்து வரைக. பார்த்தபடியே வரைய முயன்றால் ஒப்பிடும் மனம் முன்வந்து குறை கூறும். நினைவிலிருந்து வரையும்போது, மனத்தில் தங்கியது மட்டும் தாளில் வரும். முகம் வராவிட்டால் விட்டுவிடலாம். ஒரு கை, ஒரு குடம், ஒரு வாசற்படி போதும்.

மூன்றாவது, அக்காட்சியை நம் ஊருக்குக் கொண்டுவருக. அந்தப் பாத்திரம் ஆண்டிமடம் கடைத்தெருவில் நின்றால் எப்படி இருக்கும்? பின்னணியில் முந்திரி மரம் இருக்குமா, செம்மண் பாதை இருக்குமா, ஏரிக்கரை இருக்குமா? இந்த இடத்தில்தான் பார்த்ததைப் போலச் செய்தல் முடிந்து, சொந்தப் படைப்பு தொடங்குகிறது.

வரைய விருப்பமில்லாதோர், படம் முடிந்த இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து சொல்லலாம், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டி ஒட்டலாம். கோலம் போட்டுப் பழகிய கை, தாளிலும் புள்ளி வைத்துக் கோலம் போடலாம். அதுவும் ஓவியமே.

வீட்டில் ஒரு மூலை

கலைக்கென ஓர் அறை நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை, தேவையும் இல்லை. சத்யஜித் ராய் தமது கொல்கத்தா இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே திரைக்கதைகளை எழுதினார். காட்சிகளைப் படங்களாக வரைந்து வைத்துக்கொண்டார்.

திண்ணையின் ஓரமோ, சன்னலை ஒட்டிய இரண்டடி இடமோ போதும். ஆனால் அந்த இடம் நாள்தோறும் மாறாமல் இருக்க வேண்டும். பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பென்சிலுக்காகப் பிறரை அழைக்க நேர்ந்தால், மூன்றாம் நாளே ஆர்வம் அற்றுப்போகும். காலை வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுவது நலம். முதுகு சாயும் நாற்காலியும், பாதம் தரையில் படியும் உயரமும் தேவை. பிள்ளைகளின் தேர்வு அட்டையே வரைபலகை ஆகும். ஒரு கையால் மட்டும் வரைவோர், தாள் நகராதிருக்க நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடா இட்டுக்கொள்க. பிடி தளர்ந்தோர், பென்சிலின்மீது துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக்கொண்டால் பிடிக்க எளிதாகும்.

கவனிக்க வேண்டியவை

முந்திரி விளையும் பகுதியில் வாழும் நாம் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; கைவேலைக்கு அந்த ஓட்டைப் பயன்படுத்த வேண்டா. ஆஸ்துமா உள்ளோர் சுண்ணாம்புத்தூளையும், டர்பன்டைன் கலந்த எண்ணெய் வண்ணங்களையும் தவிர்க்க. நீரில் கரையும் வண்ணமே வீட்டுக்கு ஏற்றது. நீரிழிவால் விரல்கள் மரத்துப்போனோர் கூரிய கத்தரியை விடுத்து, மழுங்கிய முனையுள்ள கத்தரியைக் கொள்க. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோர்க்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும்; மண்ணிலும் களிமண்ணிலும் கைவைக்குமுன் மருத்துவரைக் கேட்டறிக. டயாலிசிஸ் செய்துகொள்வோர், இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையின்மீது பலகையின் பாரம் விழாதபடி பார்த்துக்கொள்க.

முதல் வாரம் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டா. சோர்வு தோன்றும் முன்பே நிறுத்துவது, நாளையும் அமரத் தூண்டும்.

வரைந்துகொண்டிருக்கும்போது முகம் ஒருபுறம் கோணினாலோ, கை திடீரெனத் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது களைப்பு என்று காத்திருக்கலாகாது. உடனே 108ஐ அழையுங்கள். மூளை இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியது.

கலை செய்வதும் செய்யாததும்

1942ஆம் ஆண்டளவில் ‘கலைவழிச் சிகிச்சை’ என்ற பொருளுள்ள சொல்லை முதலில் வழங்கியவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர். காசநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்தபோது வரைதல் தமக்கு அளித்த ஆறுதலை உணர்ந்து, உடனிருந்த நோயாளிகளையும் வரையச் செய்தவர் அவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம், 900க்கும் மேற்பட்ட வெளியீடுகளைத் தொகுத்தாராய்ந்து 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்பது அதன் முடிவு.

ஆயினும் கலை மருந்துக்கு மாற்றாகாது. கட்டியை அது கரைக்காது. சர்க்கரை அளவைத் தானே இறக்காது. மாத்திரையும் உடற்பயிற்சியும் மறுபரிசோதனையும் குறித்த நாளில் நடக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் சோர்ந்து, உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதனை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளிக்கு மட்டுமன்று, பராமரிப்பாளருக்கும் அது திறந்தே உள்ளது.

பராமரிப்பாளருக்கு ஒரு சொல்

அருகில் இருப்பவர் செய்யக்கூடிய பேருதவி, திருத்தாமல் இருப்பதே. ‘மூக்கு இப்படியா இருக்கும்?’ என்ற ஒரு கேள்வி, பல நாள் முயற்சியை நிறுத்திவிடும். அதற்கு மாறாக, ‘இது எந்தக் காட்சி? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். கதை வெளிவரும். நோய் வருவதற்கு முன் அவர் யாராக இருந்தார் என்பது அந்தக் கதையில் இருக்கும். இயலுமாயின் நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமருங்கள். நாள் முழுதும் பிறருக்காக ஓடும் உங்களுக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் உரியதே.

ஜெயங்கொண்டத்தைக் கடந்து கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குச் சென்றவர்கள், வடபுற வாயிலருகே சண்டேசருக்கு இறைவன் தன் கையால் மாலை சூட்டும் சிற்பத்தைக் கண்டிருப்பீர்கள். தலைகுனிந்து கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியவரும், அவர் தலையில் பூச்சரத்தைச் சுற்றிவிடும் கைகளும் பல நூற்றாண்டுகளாக அப்படியே உள்ளன. உடல்நலம் தேறி அங்குச் செல்லும் நாளில் அந்தக் கைகளை உற்று நோக்குங்கள். வீடு திரும்பியதும் உங்கள் மூலையில் அமர்ந்து, நினைவில் நின்றதை வரைந்து பாருங்கள். வலக்கை இடந்தராவிட்டால், இடக்கையால் வரையுங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, மருத்துவக் கோப்புடன் அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பரிசோதனை அறிக்கை நமக்குச் சொல்லும். நீங்கள் எவ்வாறு இருக்கிறீர்கள் என்பதை அந்தத் தாளும் கொஞ்சம் சொல்லும்.